ஆயிரமும் ஒன்று போல: கோவை ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

கோயமுத்தூருக்குக் கிழக்கே, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஓர் ஊர். பருத்தியும் சோளமும் விளைகிற ஊர். கிணற்றை நம்பி வாழ்ந்த ஊர். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஓர் உழவர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு. குழந்தைக்குத் துரைசாமி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஜி. டி. நாயுடு என்று நாடெங்கும் பெயர் பெற்றவர். பஸ் முதலாளி, மோட்டார் செய்தவர், சவரக் கருவி கண்டவர், கல்லூரிக்கு இடம் கொடுத்தவர் என்று அவரைப் பல விதமாகச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பொருள் ஒன்றைச் செய்துவிட்டால் போதாது. அடுத்ததும் அதைப் போலவே இருக்க வேண்டும். ஆயிரமாவதும் அதைப் போலவே இருக்க வேண்டும்.

இது சொல்லுவதற்கு எளிது. செய்வதற்கு மிகவும் கடினம். அவருடைய வெற்றியும் இதில்தான் இருக்கிறது. அவருக்குக் கிட்டாமல் போனதும் இதில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

துரைசாமி சிறு வயதிலேயே தாயை இழந்தான். மாமன் வீட்டில் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடி வந்தான் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது.

பிள்ளையைக் காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால் அவன் படிப்பதை விடவில்லை. கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தான். பள்ளிக்கூடம் தராத படிப்பை வாழ்நாள் முழுவதும் தானே தேடிக்கொண்டார் நாயுடு.

ஒரு நாள் கிராமத்துப் பாதையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தக் காலத்தில் கிராமத்து மக்கள் அறிந்த வாகனம் மாட்டு வண்டி ஒன்றுதான். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடியது! துரைசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு வண்டி தனக்கும் வேண்டும் என்ற ஆசை அவனைப் பற்றிக்கொண்டது.

ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை. ஊரை விட்டுக் கோயமுத்தூருக்கு வந்தான். ஓர் ஓட்டலில் பலகாரம் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தான். காசு காசாகச் சேர்த்தான். கடைசியில் அந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினான். 300 ரூபாய் கொடுத்தான் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

பிரித்தான், பூட்டினான்

வேறு ஒருவராக இருந்தால் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றியிருப்பார். துரைசாமி வண்டியைக் கழற்றிப் போட்டான். ஒவ்வோர் உறுப்பையும் பார்த்தான். மறுபடி பூட்டினான். அவனுக்குக் கிடைத்த முதல் தொழிற்கல்வி அதுதான். அதற்கு வாத்தியார் இல்லை, புத்தகமும் இல்லை.

ஓர் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு முதலில் ஒரு பாடம் கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு திருகாணிகள் ஒன்றல்ல. ஒன்று இந்தத் துளையில் இறங்கும், மற்றொன்று இறங்காது. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது.

நம் ஊர்க் கொல்லர் கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுப்பார். அது அந்தக் கலப்பைக்குப் பொருந்தும். பக்கத்துத் தோட்டத்துக் கலப்பைக்கு மாட்டினால் கொஞ்சம் தட்டிச் சரி செய்ய வேண்டும். கைத்தொழிலில் அது குறையே இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் அப்படி அல்ல. இங்கிலாந்தில் செய்த உறுப்பு கோயமுத்தூரில் இருக்கிற வண்டிக்குத் தட்டாமல் கொட்டாமல் பொருந்துகிறது. முன்பின் பாராத இரண்டு தொழிலாளிகள் செய்த இரண்டு உறுப்புகள் எப்படிப் பொருந்துகின்றன? இருவரும் ஒரே அளவைக் காப்பாற்றியதால்தான்.

நேரம் தவறாத பஸ்

இளைஞர் துரைசாமி பஞ்சுத் தொழிலில் இறங்கினார். பணம் வந்தது. பிறகு பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதை இழந்தார் என்பார்கள். கைப்பொருள் போனாலும் மோட்டார் மேல் இருந்த ஆசை போகவில்லை.

அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை பெரிய தொழிலதிபராக விளங்கினார். அவருடைய உதவி நாயுடுவுக்குக் கிடைத்தது. 1920-ம் ஆண்டு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

அந்த நாளில் பஸ் என்றால் ஆள் நிறைந்த பிறகு கிளம்புவது வழக்கம். வெயிலில் காத்திருந்த பிரயாணிக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாது. நாயுடுவின் பஸ் குறித்த நேரத்தில் கிளம்பியது. குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழனிக்குப் போகிற பக்தரும், சந்தைக்குப் போகிற வியாபாரியும் அதை நம்பினார்கள்.

ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகியது. 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்று கம்பெனிக்குப் பெயர். யு. எம். எஸ். என்றால் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அது பெயர் எடுத்தது.

ஒரு பஸ்ஸை முதலாளியே ஓட்டினால் நேரம் காப்பது எளிது. பல பஸ்களைப் பல டிரைவர்கள் பல சாலைகளில் ஓட்டும்போது எல்லாம் நேரத்துக்கு ஓட வேண்டும். அங்கேதான் சோதனை. ஒரு பஸ்ஸில் பிரேக் நன்றாக இருந்து இன்னொன்றில் தளர்ந்திருந்தால் நேரம் தவறும். ஒரு பட்டறையில் ஒழுங்காகப் பார்த்து இன்னொன்றில் அலட்சியமாக விட்டால் வண்டி வழியில் நிற்கும். எல்லா வண்டிக்கும் ஒரே முறை, ஒரே கவனம் என்று இருந்தால்தான் கம்பெனி பெயர் நிலைக்கும். பெருந்தொழிலின் முதல் பாடத்தை நாயுடு சாலையில் கற்றுக்கொண்டார்.

மின்சாரம் வந்தது

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர் மின்சாரம் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீர் மின்சாரமாகிக் கோயமுத்தூருக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. உழவரின் கிணற்று மேட்டுக்கும் கம்பி போயிற்று.

அதுவரை கொங்கு நாட்டு உழவர் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை செய்தார். விடியுமுன் எழுந்து எருதுகளைப் பூட்ட வேண்டும். எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். பின்பக்கமாக நடந்து மேட்டுக்கு வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். இப்படி முன்னும் பின்னுமாக வெயில் ஏறும் வரை நடக்க வேண்டும். கிணறு ஆழமாக ஆழமாக எருதுகள் தளர்ந்தன. மனிதனும் தளர்ந்தான்.

மின்சார மோட்டார் இருந்தால் இந்தப் பாடு தீரும். ஆனால் மோட்டார் கப்பலில் வர வேண்டும். இங்கிலாந்தும் ஜெர்மனியும் கொடுத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். பழுதானால் உறுப்புக்கும் கப்பலைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

பீளமேட்டில் பிறந்த மோட்டார்

கோவைக்குப் பக்கத்தில் பீளமேட்டில் 'நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்' என்ற தொழிற்சாலையை நாயுடு நடத்தினார். 1937-ல் அங்கிருந்து ஒரு மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். அதை உருவாக்கியதில் முதன்மையான பங்கு டி. பாலசுந்தரம் நாயுடுவுக்கு உண்டு. அவர் பின்னாளில் 'டெக்ஸ்டூல்' என்ற பெரிய தொழிற்சாலையைக் கோவையில் நிறுவினார்.

மோட்டாரை வெளியிலிருந்து பார்த்தால் ஓர் இரும்புக் கூடு. உள்ளே இரண்டு பகுதிகள். ஒன்று அசையாமல் நிற்கும். அதற்கு ஸ்டேட்டர் என்று பெயர். இன்னொன்று அதற்குள்ளே சுழலும். அதற்கு ரோட்டார் என்று பெயர். ஸ்டேட்டரில் செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அதைத்தான் பட்டறையில் காயில் கட்டுவது என்று சொல்கிறார்கள். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் காந்த சக்தி உண்டாகிறது. அது ரோட்டாரைச் சுழற்றுகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. சிறிய மோட்டாரில் அந்த இடைவெளி ஒரு மில்லி மீட்டர்கூட இருக்காது. சுற்றிலும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும். தண்டு சற்றே கோணினாலும், பேரிங் சற்றே விலகினாலும் ரோட்டார் ஒரு பக்கமாக இழுபடும். மோட்டார் முனகும். அதிரும். சூடேறும். கடைசியில் காயில் கருகும்.

ஸ்டேட்டரும் ரோட்டாரும் ஒரே இரும்புக் கட்டியால் ஆனவை அல்ல. மெல்லிய தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்கிறார்கள். ஒவ்வொரு தகட்டையும் 'டை' என்னும் எஃகு அச்சால் வெட்டுகிறார்கள். புது அச்சில் வெட்டிய தகடு சுத்தமாக இருக்கும். அச்சு மழுங்கிய பிறகு வெட்டிய தகட்டில் பிசிறு நிற்கும். பிசிறு நின்றால் அடுக்கு சரியாகப் படியாது. மின்சாரம் வீணாகிச் சூடாகும்.

ஆகவே முதல் மோட்டார் ஓடியது பெரிய சாதனைதான். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. அதே அச்சு, அதே கம்பி, அதே ஆள் என்று இருந்தும் இரண்டாவது மோட்டார் வேறு மாதிரி ஓடலாம். உழவர் இரண்டு மோட்டாரையும் ஒரே விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். ஒருவர் கிணற்றில் பத்து வருஷம் ஓடுகிறது. மற்றவர் கிணற்றில் பயிர் கதிர் பிடிக்கிற சமயத்தில் கருகிவிடுகிறது. அவருக்கு அந்த வருஷ வெள்ளாமையே போயிற்று!

இதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் ஒரு சிறிய கருவி வைத்திருப்பார்கள். அதற்குக் கேஜ் என்று பெயர். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மற்ற முனை போகக் கூடாது. முதல் முனை போகாவிட்டால் துளை சிறியது. இரண்டாவது முனையும் போய்விட்டால் துளை பெரியது. படிக்காத தொழிலாளியும் இதை வைத்து மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தராசில் நிறுத்துக் கொடுப்பது வியாபாரிக்கு எப்படியோ, கேஜ் வைத்துப் பார்ப்பது தொழிற்சாலைக்கு அப்படி.

ஒரே அச்சு, வேறு வேறு பறப்பு

ஒரே அச்சில் பிறந்தவை ஏன் வேறுபடுகின்றன? அச்சு வெல்லம் காய்ச்சுகிறவருக்கு இது தெரியும். பாகு ஒரே கொப்பரையிலிருந்து வந்தாலும் முதலில் ஊற்றியது ஒரு பதம், கடைசியில் ஊற்றியது ஒரு பதம். ஒன்று கல்லாக இருக்கும், ஒன்று கசியும். அச்சின் மேல் குற்றம் இல்லை. சூடும் நேரமும் மாறிவிட்டன.

இதற்கு உலகத்தில் ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. நாயுடு வாழ்ந்த காலத்திலேயே அமெரிக்காவில் ஒரு விளையாட்டுத் தட்டு பிரபலமாயிற்று. பிளாஸ்டிக்கால் செய்த வட்டத் தட்டு. சுழற்றி வீசினால் காற்றில் மிதந்து போகும். 1957 முதல் 'பிரிஸ்பி' என்ற பெயரில் கடைகளில் விற்றது. முதலில் அது வெறும் விளையாட்டுச் சாமான். எட் ஹெட்ரிக் என்பவர் அதன் மேற்புறத்தில் வட்ட வட்டமாக வரம்புகள் அமைத்தார். தட்டு ஆடாமல் அசையாமல் பறந்தது. 1967-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிறகு அதை வைத்து ஒரு புது விளையாட்டே பிறந்தது. தூரத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை இருக்கும். குறைந்த வீச்சுகளில் தட்டை அதற்குள் சேர்க்க வேண்டும். இந்த 'டிஸ்க் கோல்ப்' விளையாட்டுக்கு நிலையான முதல் மைதானம் 1975-ல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது.

தட்டை விளையாட்டுக் கருவியாக எடுத்துக்கொண்டதும் பழைய கேள்வி வந்தது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு தட்டுகள் ஏன் ஒரே மாதிரி பறப்பதில்லை?

காரணம் சூட்டில் இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போய் ஆறும்போது சுருங்குகிறது. நன்றாக ஆறுமுன் எடுத்த தட்டு ஒரு விதமாகச் சுருங்கும். அச்சிலேயே ஆறவிட்ட தட்டு வேறு விதமாகச் சுருங்கும். ஒன்றில் நடு முதுகு கொஞ்சம் மேடாகும். மற்றொன்றில் தட்டையாகும். விளிம்பின் உயரமும் நூலளவு மாறும். பிளாஸ்டிக்கின் வகையும் சாயமும் மாறினாலும் இந்தக் கணக்கு மாறும்.

நூலளவு மாறினால் என்ன ஆகும்? பறப்பே மாறிவிடும். வலக்கைக்காரர் தம் மார்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய் வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வேகம் குறைந்து இறங்கும்போது இடப்பக்கம் சாய்வது வழக்கம். விளிம்பு சற்று உயர்ந்த தட்டு சீக்கிரமே இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். விளிம்பு தாழ்ந்த தட்டு முதலில் வலப்பக்கம் நழுவிப் பிறகு மெல்லத் திரும்பும். ஆட்டக்காரர் அதே கையால், அதே பலத்தோடுதான் வீசினார். ஆனால் ஒன்று கூடையில் விழுகிறது, இன்னொன்று புதரில் விழுகிறது.

அந்த விளையாட்டுச் சங்கம் இதற்கு விதிகள் வைத்திருக்கிறது. தட்டின் குறுக்களவு 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது. எடை, குறுக்களவில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு பெரிய தட்டானாலும் 200 கிராமைத் தாண்டக் கூடாது. இத்தனை விதிகள் இருந்தும், ஒரே பெயர் பொறித்த தட்டுகளில் இரண்டைக் கையில் எடுத்து, முதுகைத் தடவிப் பார்த்து, ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் இன்றும் உண்டு.

விளையாட்டுத் தட்டில் பிசகு வந்தால் ஓர் ஆட்டம் போகும். கிணற்று மோட்டாரில் வந்தால் ஒரு குடும்பத்தின் வெள்ளாமை போகும். தொழில் ஒன்றுதான். அதில் வருகிற நஷ்டம்தான் பெரிது.

சவர அலகும் சின்னக் காரும்

நாயுடு 1930-களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். எப்போதும் கையில் காமிரா இருக்கும். 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படம் பிடித்திருக்கிறார்.

அவர் கண்ட கருவிகளின் பட்டியல் நீளமானது. பாட்டரியால் ஓடும் சிறிய மோட்டாரை வைத்து மின்சாரச் சவரக் கருவி செய்தார். அதற்கு 'ரேசன்ட்' என்று பெயர். மிக மெல்லிய சவர பிளேடு செய்தார். பழம் பிழியும் கருவி செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி செய்தார். ஏமாற்ற முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரமும் செய்தார்.

பிளேடு சின்னப் பொருள்தான். கடையில் விற்கும் சாதாரண பிளேடு ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். எஃகைச் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்க வேண்டும். பிறகு தீட்ட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் விளிம்பு உடையும். குறைந்தால் மழுங்கும். ஒரு பொட்டலத்தில் ஒரு பிளேடு நன்றாக இருந்து மற்றொன்று கன்னத்தைக் கீறினால் அடுத்த தடவை அந்தப் பொட்டலத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று நாயுடு அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார் ஒன்றை வெளியிட்டார். விலை 2,000 ரூபாய் என்றார்.

காரைக் கண்டவர்கள் வியந்தார்கள். ஆனால் அது வீதிக்கு வரவில்லை. உரிமம் கிடைக்கவில்லை. பெருந்தொழில் தொடங்குவதற்கு அரசாங்க உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1951-ல் வந்திருந்தது. அன்னியச் செலாவணியும் எஃகும் பற்றாக்குறையாக இருந்த காலம். எதை எவ்வளவு செய்வது என்று அரசாங்கம் கணக்குப் பார்த்தது. அந்தக் கணக்கில் கோவையின் சின்னக் காருக்கு இடம் கிடைக்கவில்லை.

இங்கேதான் நாயுடுவின் வாழ்க்கையில் இருந்த பெரிய குறை தெரிகிறது. அவர் மூளையில் பிறந்த பொருள்களில் பல ஒற்றைப் பொருளாகவே நின்றுவிட்டன. கண்காட்சியில் வைத்தால் ஊர் கூடிப் பார்க்கும். வீட்டுக்கு வீடு போய்ச் சேருவதற்கு ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். அதற்கு நல்ல எஃகு வேண்டும், இயந்திரம் வேண்டும், முதல் வேண்டும், உரிமம் வேண்டும், பயின்ற கைகள் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மேதையின் கண்டுபிடிப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிடும்.

செடியிலும் அதே சோதனை

நாயுடு தோட்டத்தையும் விடவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது ரகங்களைக் கண்டார். சர் சி. வி. ராமனும், விசுவேசுவரய்யாவும் அவர் தோட்டத்துக்கு வந்து பார்த்தார்கள்.

செடியில் சோதனை இன்னும் கடினம். நல்ல பப்பாளியின் விதையை நட்டால் அதே மாதிரிப் பழம் வரும் என்று சொல்ல முடியாது. பக்கத்து மரத்தின் மகரந்தம் கலந்தால் குணம் மாறிவிடும். பொறுக்கிப் பொறுக்கி நட்டு, கலப்பில்லாமல் காத்து, பல தலைமுறை பார்த்த பிறகுதான் ஒரு ரகம் நிலைக்கும்.

கல்லூரி முதல்வரான மூன்றாம் வகுப்பு மாணவர்

1944-ல் நாயுடு தம் மோட்டார்த் தொழிலின் நேரடி நிர்வாகத்திலிருந்து ஒதுங்கினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித் தொகையும் தொழிலாளர் நலத் திட்டங்களும் அறிவித்தார்.

பயின்ற கைகள் இல்லாமல் தொழில் வளராது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். கோவையில் தொழிற்கல்வி வளர முன்நின்றார். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கியது. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். கல்லூரி நடப்பதற்கு நாயுடு தம் விடுதிக் கட்டிடத்தைக் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் அந்தக் கல்லூரிக்கு முதல்வர் ஆனார்!

ஆனால் பாடத் திட்டத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. நான்கு வருஷப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்கும் என்பது அவர் எண்ணம். இரண்டு வருஷத்தில் அதே அறிவையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றார். அன்றைய பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

அவர் விலகினாலும் கல்லூரி நிற்கவில்லை. பின்னாளில் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுதான். அங்கே படித்து வெளிவந்த பொறியாளர்கள் ஏராளம்.

மறைவும் நிலைத்த பெயரும்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் செய்த பொருள்களைக் கோவை அவிநாசி சாலையில் உள்ள அவருடைய கண்காட்சியில் இன்றும் காணலாம்.  2025 அக்டோபரில் அதே அவிநாசி சாலையில் 10.1 கிலோ மீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடுவின் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் அவர் நினைவு கண்காட்சியிலும் பாலத்திலும் மட்டும் இல்லை. 1937-ல் பீளமேட்டில் ஓடிய மோட்டாருக்குப் பிறகு கோவையில் மோட்டார்ப் பட்டறைகளும் பம்பு செட் தொழிற்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் லேத்து ஓடும் சத்தம் கேட்கும். இந்தியாவின் பம்பு செட்டுகளில் பெரும் பங்கு கோவையில் செய்தவை. வட நாட்டு உழவரும் கோவை மோட்டாரை நம்பி வாங்குகிறார்.

அந்த நம்பிக்கை ஒரு மேதையால் மட்டும் வந்ததல்ல. தகடு வெட்டுகிறவர், காயில் கட்டுகிற பெண்கள், தண்டு கடைகிறவர், கேஜ் வைத்துப் பார்க்கிறவர் என்று பல ஆயிரம் பேருடைய கவனத்தால் வந்தது. நாயுடுவின் சின்னக் கார் ஒற்றைக் காராக நின்றுவிட்டது. அவர் தொழிற்சாலையில் பிறந்த மோட்டாரோ கிணற்றுக்குக் கிணறு போய்ச் சேர்ந்தது. எருதுகளின் கழுத்திலிருந்து கவலைக் கயிறு இறங்கியது.

இன்றும் கொங்கு நாட்டில் ஓர் உழவர் இரவில் மின்சாரம் வந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். மோட்டார் ஓடுமா என்று நின்று பார்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஓடுகிற மாதிரியே தம் தோட்டத்திலும் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.